ஸ்பீக்கர் பெட்டிக்குத் தேக்கா, பிளைவுட்டா, எம்.டி.எஃப்-ஆ?

தாழ்ந்த சுரங்களுக்கான ஊஃபர் வாங்கியாகிவிட்டது, உயர்ந்த சுரங்களுக்கான ட்வீட்டரும் ஆம்ப்ளிஃபயர் போர்டும் வந்துவிட்டன, பெட்டிக்கு எந்த மரம் என்பதில்தான் வேலை நின்றுபோய்க் கிடக்கிறது: வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்ய இறங்கும் வாசகர்கள் அடிக்கடி எழுதிக் கேட்பது இதைத்தான். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் மின்சாதனப் பகுதி முழுவதையும் வாங்கிவிடலாம். குழப்பம் மரக்கடையில் தொடங்குகிறது. கடைக்காரர் பிளைவுட் என்பார். ஆசாரி தேக்கை விட மனமில்லாமல் பேசுவார். இணையத்தில் பார்த்த வெளிநாட்டு வரைபடங்கள் எல்லாவற்றிலும் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றுதான் எழுதியிருக்கும்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அதனால் எதை வைத்து அளப்பது என்பதை முதலில் பேசிவிடுவோம்.

## எதை வைத்து அளப்பது

நல்ல மரத்தில் செய்தால் நல்ல ஒலி வரும் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. இசைக்கருவிகளைப் பொறுத்தவரை அது சரியான எண்ணம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரத்தைக் குடைந்து குடம் செய்கிறார்கள். தந்தியின் அதிர்வை வாங்கிக்கொண்டு அந்தக் குடம் தானும் அதிர வேண்டும், அப்போதுதான் வீணை பேசும். ஸ்பீக்கர் பெட்டியின் வேலை இதற்கு நேர் எதிரானது. ஒலி எழுப்ப வேண்டியது ஊஃபரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு மட்டுமே. கூம்பின் பின்புறம் எழும் எதிர் அலை முன்பக்க அலையோடு கலந்து அதை அழித்துவிடாமல் அடைத்து வைப்பதற்குத்தான் பெட்டி. சுவர்களும் சேர்ந்து பாடினால், பதிவில் இல்லாத ஒலி ஒன்று எல்லாப் பாட்டுகளிலும் ஒட்டிக்கொள்ளும். ஆண் குரல் அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எனவே பெட்டி ஊமையாக இருக்க வேண்டும். மரத்தின் மதிப்பும் அதன் ஒலியமைதியும் ஒன்றல்ல.

ஊமையாக இருப்பதற்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று விறைப்பு. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப உயரும். 12 மி.மீ.க்குப் பதில் 18 மி.மீ. போட்டால் தடிமன் ஒன்றரை மடங்குதான், விறைப்போ கிட்டத்தட்ட 3.4 மடங்கு. எந்த மரம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து உள்ளே ஒரு குறுக்குக் கட்டை வைப்பது அதிகப் பலன் தரும். இன்னொன்று, எழுந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது. பலகையை முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று செத்து விழுந்தால் நல்லது. ஓசை நீண்டு நின்றால் அதை அடக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது காற்றடைப்பு. பெட்டி ஐந்து மழைக்காலம் தாண்டியும் விரிசல் விடாமல் இருக்குமா? இணைப்பில் மெல்லிய இடைவெளி விழுந்தாலே பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மெலியும், உரத்து வைத்தால் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு உங்களிடம் இருக்கும் கருவிகள், வேலை செய்யும் இடம், தூசு, பெட்டியின் எடை. பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். சதுர அடி விலையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். முடித்து வைத்த பெட்டிக்கு மொத்தம் எவ்வளவு ஆனது என்பதே கணக்கு.

எந்த மரமும் சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு: தவறான கொள்ளளவு. ஊஃபரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று அந்த ஊஃபரின் குணத்தைச் சொல்லும் சில எண்கள் இருக்கும். நெவில் தீல், ரிச்சர்டு ஸ்மால் என்ற இரு பொறியாளர்களின் பெயரால் வழங்கும் அளவைகள் அவை. அவற்றை வைத்து எத்தனை லிட்டர் என்பதை முடிவு செய்த பிறகே மரக்கடைக்குப் போக வேண்டும். கீழே வரும் கணக்குகளுக்கு, உட்புறம் 17 × 20 × 24 செ.மீ. உள்ள, சுமார் 8 லிட்டர் கொண்ட ஒரு ஜோடிப் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன்.

| | எம்.டி.எஃப் | பிளைவுட் | தேக்குப் பலகை |
|---|---|---|---|
| அடர்த்தி (கன மீட்டருக்கு, ஏறத்தாழ) | 700–800 கிலோ | 550–750 கிலோ | 600–700 கிலோ |
| தண்ணீர் பட்டால் | ஊதிவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது | பி.டபிள்யூ.பி. (மரைன்) தரம் தாங்கும் | கெடாது, ஆனால் அகலம் மாறும் |
| விளிம்பில் ஸ்க்ரூ | பிளக்கும் | ஓரளவு பிடிக்கும் | நன்றாகப் பிடிக்கும் |
| கைத்திறன் | குறைவு | நடுத்தரம் | அதிகம் |

## எம்.டி.எஃப்

மரநாரை அரைத்து, பசை கலந்து, அழுத்திச் செய்த பலகை இது. இழை ஓட்டம் கிடையாது, முடிச்சு கிடையாது, உள்ளே வெற்றிடமும் கிடையாது. எந்தத் திசையில் அறுத்தாலும் ஒரே மாதிரி அறுபடும். ஊஃபருக்கான வட்டத்தையும், அதன் விளிம்பு பதிய வேண்டிய பள்ளத்தையும் ரூட்டரால் (சுழலும் அலகால் மரத்தைச் செதுக்கும் கருவி) வெட்டும்போது இதைப்போல் சுத்தமாக வரும் பொருள் வேறில்லை. அதிர்வும் விரைவில் அடங்கும். தொழிற்சாலைகள் இதை விரும்பக் காரணம், ஆயிரமாவது பெட்டியும் முதல் பெட்டியைப் போலவே இருக்கும் என்பதுதான்.

மறைந்திருக்கும் செலவு தூசில் தொடங்குகிறது. எம்.டி.எஃப் தூசு மாவைப்போல் நுண்ணியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு வகை. மரத்தூசு, ஃபார்மால்டிஹைடு இரண்டையுமே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகையில் வைத்திருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது. என்95 முகக்கவசமும் திறந்தவெளியும் கட்டாயம். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் இதை அறுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கும். கடையிலேயே மேசை ரம்பத்தில் அளவுக்கு அறுத்து வாங்கிவிட்டால், வட்டம் வெட்டும் வேலை மட்டும்தான் வீட்டில் மிஞ்சும்.

அடுத்த செலவு விளிம்புகள். அறுத்த விளிம்பு பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தடவி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து என்று வேலை இழுக்கும். ஊஃபரைக் கழற்றி மாட்டிப் பரிசோதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் மர ஸ்க்ரூவை நம்பக் கூடாது. சில முறை கழற்றினாலே துளை தளர்ந்துவிடும். பின்புறம் டி-நட் (மரத்தில் பதியும் உலோக மரை) பதித்து, போல்ட் போடுங்கள்.

தண்ணீர்தான் இதன் பெரிய எதிரி. நம் வீடுகளில் தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம். தரையில் நிற்கும் எம்.டி.எஃப் பெட்டியின் அடி விளிம்பு மெல்ல மெல்ல ஊதிப்போவதை யாரும் கவனிப்பதில்லை, பெயின்ட் வெடித்த பிறகுதான் தெரியும். ரப்பர் கால் வைப்பது அழகுக்காக அல்ல. எச்.டி.எச்.எம்.ஆர். என்ற பெயரில் கிடைக்கும் அடர்த்தி கூடிய பலகை ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், கனமும் கூடும்.

மேசை மேல் அசையாமல் இருக்கப்போகும் பெட்டி, பெயின்ட் அடிக்கப்போகும் பெட்டி, ரூட்டரைப் பழகும் முதல் பெட்டி: இவற்றுக்கு எம்.டி.எஃப் நல்ல தேர்வு. பார்த்தால் இதைப்போலவே இருக்கும் பார்ட்டிகிள் போர்டை மட்டும் தொடாதீர்கள். அது விளிம்பில் உதிரும்.

## பிளைவுட்

பிளைவுட்டைக் குறைத்துப் பேசுபவர்களுக்கு பி.பி.சி.யின் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரைக் காட்டலாம். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்தில் வைத்துக் கேட்பதற்காக 1970-களில் பி.பி.சி.யின் பொறியாளர்கள் உருவாக்கிய சிறிய பெட்டி அது. கொள்ளளவு 5 லிட்டர் அளவுதான். சுவர் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட். கனமான சுவர் கட்டுவதற்குப் பதிலாக, மெல்லிய சுவரின் உட்புறத்தில் தார் கலந்த கனத்த அட்டைகளை ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். மனிதக் குரலை இயல்பாகக் கொடுக்கும் ஸ்பீக்கர் என்ற பெயர் அதற்கு இன்றும் இருக்கிறது. சுவரின் அதிர்வை அடக்கத் தெரிந்தால் பிளைவுட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த அட்டைக்கு நிகரானது கார் உதிரிபாகக் கடைகளில் கதவுக்குள் ஒட்டும் டேம்பிங் ஷீட்டாகக் கிடைக்கிறது.

நம் கடைகளில் பிர்ச் அரிது, விலையும் அதிகம். கிடைப்பதில் தரம் பார்த்து எடுக்க வேண்டும். எம்.ஆர். (ஈரம் தாங்கும்), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) தரங்கள் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் கீழ் வருபவை. ஐ.எஸ். 710 என்று முத்திரை இருந்தால் அது மரைன் பிளைவுட், அட்டவணையில் பி.டபிள்யூ.பி. என்று சொன்னது இதைத்தான். அதன் பசை ஃபீனால் வகை. ஈரத்தைத் தாங்குவதோடு, யூரியா பசையைவிட மிகக் குறைவாகவே ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். மூடிய அறையில் பெட்டியோடு வாழப்போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

முத்திரையைப் பார்த்ததோடு நிறுத்தாமல் ஷீட்டின் நான்கு விளிம்பையும் பாருங்கள். உள் அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். மேசைக்கு அது பரவாயில்லை, ஸ்பீக்கருக்கு ஆகாது. ஒட்டாமல் நிற்கும் அடுக்கு, பேஸ் கிட்டாரின் ஏதோ ஒரு சுரம் வரும்போது மட்டும் ‘ர்ர்ர்’ என்று அதிரும். அதைத் தேடி ஊஃபரைக் கழற்றி, கம்பியைக் கட்டி, பெட்டிக்குள் திணித்த பஞ்சை மாற்றி அலைவதைவிடக் கடையில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்பது மேல்.

இன்னொரு மறைவான செலவு, முழு ஷீட் வாங்க வேண்டியிருப்பது. 8 × 4 அடி ஷீட்டின் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். நம் ஜோடிப் பெட்டிக்குத் தேவை 0.7 சதுர மீட்டருக்குள்தான், அதாவது கால் ஷீட்டுக்கும் குறைவு. சமையலறை அலமாரி வேலை நடக்கும் இடங்களில் நல்ல மரைன் பிளைத் துண்டுகள் மிஞ்சும். ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எம்.டி.எஃப்-க்கும் இது பொருந்தும் என்றாலும், வீட்டு மரவேலைகளில் மிஞ்சுவது பெரும்பாலும் பிளைதான். ஜிக்சாவால் அறுக்கும்போது மேல் அடுக்கு சிலும்பாமல் இருக்கக் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

தூக்கிக்கொண்டு போகும் பெட்டி, கடற்கரை ஊர்களில் வைக்கும் பெட்டி, அடிக்கடி இடம் மாறும் வாடகை வீட்டுக்காரரின் பெட்டி: இவற்றுக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

## தேக்கும் பலாவும்

மனசு இழுப்பது இங்கேதான். அதில் தவறில்லை. வைரம் பாய்ந்த தேக்கை இழைக்கும்போது எழும் எண்ணெய் வாசனையும், புதிதாக அறுத்த பலாவின் மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறுவதும் எந்த ஷீட்டிலும் கிடைக்காதவை. அந்த மஞ்சளைக் காய்ச்சி எடுத்துத்தான் பௌத்தத் துறவிகளின் ஆடைகளுக்குச் சாயம் ஏற்றினார்கள். கையால் செய்கிற பொருளில் இந்த மகிழ்ச்சிக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களைத் தடுக்க நான் யார்?

ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். மரம் ஈரத்தை வாங்கும், விடும். இழை ஓடும் நீளத்தில் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலத்தில் மாறும். தேக்கு மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. அப்படியிருந்தும் 20 செ.மீ. அகலமுள்ள பலகையின் ஈரம் 14 விழுக்காட்டிலிருந்து 10-க்கு இறங்கினால், அகலம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். மழைக்காலத்துச் சென்னையில் ஒட்டிய பெட்டியை ஏ.சி. அறைக்குள் வைத்தால் நடப்பது இதுதான். ஒரு பலகையின் இழை நெடுக்கிலும் அதோடு ஒட்டிய பலகையின் இழை குறுக்கிலும் ஓடினால், ஒன்று சுருங்க விரும்பும், மற்றது விடாது. இணைப்பு பிளக்கும் அல்லது பலகை வெடிக்கும். அதோடு காற்றடைப்பும் போயிற்று.

இதற்குத் தச்சு மரபில் விடை இருக்கிறது. மேல், அடி, இரு பக்கங்கள் ஆகிய நான்கையும் ஒரே நீளப் பலகையிலிருந்து வரிசையாக அறுத்து, இழை பெட்டியைச் சுற்றி வளையம்போல் ஓடும்படி மூலைகளை 45 பாகையில் சேர்க்க வேண்டும். அப்போது நான்கும் ஒன்றாகவே, முன்பின் ஆழத்தில் மட்டும், விரிந்து சுருங்கும். முன்பலகையும் பின்பலகையும் பிளைவுட்டாக இருக்கட்டும். அவை தொடும் திசையில் தேக்கு அசைவதில்லை, எனவே சண்டை இல்லை. ஊஃபர் மாட்டும் முன்பலகையைத் திண்ம மரத்தில் செய்ய வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தேக்கில் உள்ள எண்ணெய் பசையைச் சரியாகப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். காலையில் துடைத்து மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். தேக்குத் தூசு சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும்.

விலைக் கணக்கில் பலர் சறுக்குவது கன அடியில். மேலே சொன்ன ஜோடியை முழுவதும் தேக்கில் செய்தால், 18 மி.மீ. சுவருக்குக் கணக்குப்படி 0.4 கன அடிகூட ஆகாது. ஆனால் ஒரு அங்குலமாக அறுத்த பலகையை இரு பக்கமும் இழைத்தால்தான் 18 மி.மீ. வரும், முடிச்சையும் ஓரத்து வெண்மரத்தையும் கழிக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் முக்கால் கன அடி வரை வாங்கியிருப்போம். அதற்கு மேல் இழைக்கும் கூலி. வெண்மரத்தை மலிவு என்று விட்டுவைத்தால் வண்டு துளைத்து உளுத்துப்போகும்.

பழைய மரம் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து வந்த தேக்கு, இடித்த வீடுகளின் கதவாகவும் உத்திரமாகவும் விற்பனைக்கு வருகிறது. பல பத்தாண்டுகள் நம் வெயிலிலும் மழையிலும் இருந்து அடங்கிய மரம் அது. புதுப் பலகையின் பதற்றம் அதனிடம் இருக்காது. உள்ளே புதைந்த ஆணிகள் ரம்பத்தின் பல்லை உடைக்கும் என்பதால் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள். பழைய பெயின்ட் இருந்தால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ஈயம் கலந்திருக்கக்கூடும்.

ஒரே கட்டையைக் குடைந்து பெட்டி செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணை இருக்கும்போது ஏன் கூடாது என்பது அவர்கள் வாதம். உள்ளங்கை அளவுள்ள சிறிய ஸ்பீக்கருக்கு நன்றாகக் காய்ந்த பலாக் கட்டையில் செய்யலாம். எட்டு லிட்டர் பெட்டிக்கு வேண்டாம். அவ்வளவு கனமான கட்டை உள்ளே காய்ந்துவிட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

## உள்ளே பிளை, மேலே தேக்கு

இரண்டையும் சேர்ப்பதுதான் என் தனிப்பட்ட விருப்பம். 18 மி.மீ. மரைன் பிளையில் பெட்டியை முடித்துவிட்டு, மேலே 4 மி.மீ. தேக்குப் பிளையை ஒட்டி, மூலைகளில் அடுக்கு தெரியாமல் தேக்கு ரீப்பரை மெல்லியதாகப் பதித்தால், பார்ப்பவர் திண்மத் தேக்கு என்றே நினைப்பார். சுவர் 22 மி.மீ. ஆகிவிடுகிறது. ஒட்டும்போது கிளாம்ப் நிறைய வேண்டும். அது இல்லாதவர்கள் சமமாகக் கனம் ஏற்றி ஓர் இரவு விட்டுவைக்கலாம். நேரம்தான் இதன் செலவு: வெளி அளவை வரைபடத்திலேயே திருத்தி, ஒவ்வொரு பக்கமாக ஒட்டிக் காயவிட வேண்டும்.

## பேட்டரியும் உள்ளே போகிறதென்றால்

புளூடூத் போர்டும் 18650 லித்தியம் செல்களும் வைத்துத் தூக்கிச் செல்லும் பெட்டி செய்பவர்களுக்கு மரத் தேர்வில் இன்னொரு கணக்கு சேர்கிறது. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எந்த மரமானாலும் அப்படித்தான். டிபிஏ3116 என்ற சிப் உள்ள ஆம்ப்ளிஃபயர் போர்டை மூடிய பெட்டிக்குள் திருகிவைத்தால் அதன் சூடு போக வழியில்லை. பின்பக்கத்தில் அலுமினியத் தகடு ஒன்றைப் பதித்து அதன் மேல் போர்டை ஏற்றுங்கள்.

செல்களுக்குத் தனி அறை வேண்டும். ஊஃபரின் காற்றறையிலிருந்து முழுவதும் பிரித்து, வெளிக்காற்றுக்குத் துளை விட்ட அறை. செல்லில் கோளாறு வந்து வாயு வெளியேறினால், காற்றுப் புகாத பெட்டியே அழுத்தக் கலமாகிவிடும். மூன்று செல் தொடர் என்றால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், அதற்கேற்ற பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் மின்சுற்று) இல்லாமல் இணைக்காதீர்கள். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்த செல்கள் வேண்டவே வேண்டாம். செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைக்காமல், நிக்கல் பட்டை பற்றவைத்துக் கிடைக்கும் செல்களையே வாங்குங்கள். பொதுவாக 45 பாகை செல்சியஸுக்கு மேல் இவற்றைச் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாத வெயிலில் நிறுத்திய கார் அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும்.

இந்த வகைப் பெட்டிக்கு 12 மி.மீ. பிளைவுட்டும் உள்ளே டேம்பிங் ஷீட்டும் போதும். எம்.டி.எஃப் கனத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

## யாருக்கு எது

கருவி என்று ஒரு துளைப்பான் மட்டுமே இருக்கிறது, பெயின்ட் அடிக்கப்போகிறேன், பெட்டி அலமாரியை விட்டு இறங்காது என்றால் எம்.டி.எஃப். அளவுக்கு அறுத்துத் தரும் கடையாகப் பாருங்கள். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடலுக்கு அருகே வீடு, அல்லது வருடத்துக்கொரு முறை வீடு மாறும் வேலை என்றால் ஐ.எஸ். 710 பிளை.

அப்பா செய்த பெட்டி என்று பிள்ளைகள் வைத்துக்கொள்ள வேண்டும், நேரம் இருக்கிறது, நல்ல தச்சர் ஒருவர் பழக்கம் என்றால் தேக்கு வளையமும் பிளை முகப்பும். பலகையை வாங்கியவுடன் அறுக்காமல், பெட்டி எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையிலேயே காற்றோட்டமாக ரீப்பர் இடைவெளி விட்டு அடுக்கிச் சில வாரங்கள் போட்டுவையுங்கள்.

முடிவு செய்ய முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. துண்டுப் பலகைகளில் மலிவாக ஒரே ஒரு பெட்டியை முதலில் அடித்து, ஊஃபரை மாட்டி, பழகிய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். எந்தச் சுவர் அதிகம் துடிக்கிறதோ அங்கே குறுக்குக் கட்டை போக வேண்டும். அதைக் குறித்துக்கொண்ட பிறகு நல்ல மரத்துக்குப் பணம் கொடுக்கலாம்.